கிருஷ்ணமணியின் இடவழி

கிருஷ்ணமணிக்குச் சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. வாய்க்கு மட்டும் ஒரு குறையும் வரவில்லை. தக்கலையில் தையல் கடை. போக வர, பின்னால் இரண்டு சக்கரம் கூட்டிய ஸ்கூட்டர். வீட்டிலிருந்து ரோட்டுக்கு ஒரே வழி, பக்கத்துப் புரையிடத்தை, அதாவது பக்கத்து வீட்டு மனையை, ஒட்டிக் கிடக்கும் இடவழி.

ஒரு திங்கட்கிழமை காலை, பக்கத்துப் புரையிடத்துக்காரர் ஆன்ட்ரூஸ் மதில் கட்ட அங்கே கயிறு பிடித்தார். கயிறு போன போக்கைப் பார்த்தவள் மீதி வழியைக் கண்ணாலேயே அளந்தாள். ஆள் நடக்கலாம், ஸ்கூட்டர் போகாது. ஸ்கூட்டர் போகாவிட்டால் கடை இல்லை. பிறகு தம்பி வீட்டுச் சோறுதான்.

"அண்ணே, எனக்க வழியை அடைச்சா நான் எப்பிடிப் போவேன்?"

"உனக்க வழியா? பாவம், நடக்கட்டும்னு நான் விட்டதாக்கும்."

பாவம் என்ற சொல்லைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்திரத்தை எடுத்துக்கொண்டு பத்திரம் எழுதும் ரசலையனிடம் போனாள். ஜெயிக்கப்போகிற மிதப்பில் ஆன்ட்ரூஸும் தன்னுடையதைக் கொண்டுவந்தார்.

இரண்டையும் படித்துவிட்டு ரசலையன் கண்ணாடியைக் கழற்றினார். "ரெண்டு புரையிடத்துக்கு இடையில கெடக்க வழி, அதனாலயாக்கும் இடவழின்னு பேரு. உம்ம பத்திரத்துல கிழக்கெல்லை இடவழி. இவளுக்கதுல மேற்கெல்லை இடவழி. ரெண்டு பேருக்கும் எல்லைன்னா ரெண்டு பேருக்கும் சொந்தமில்ல, பொதுவழி. யாரும் அடைக்க முடியாது. ரெண்டு பத்திரத்துலயும் அகலம் ஆறடி."

கிருஷ்ணமணி அங்கேயே அழுதுவிட்டாள். அப்படி ஒரு நிம்மதி.

மறுநாள் டேப் பிடித்தார்கள். ஆன்ட்ரூஸின் கயிறு வழிக்குள் ஓரடி வந்திருந்தது. கிருஷ்ணமணியின் கையாலையோ இரண்டடி! ஐப்பசி மழையில் கரையும் அந்த மண்சுவருக்கு வருஷம் தவறாமல் ஆள் விட்டு, வழியிலிருந்தே மண் வெட்டி வெளிப்பக்கமாக அப்பவைத்தது அவள்தான். இருபது வருஷ மண்.

ஆன்ட்ரூஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏட்டி, வழியைத் தின்னது நானா நீயா?"

"நான் ரெண்டடி, நீங்க ஓரடி. பசிக்குத் தக்கன தின்னோம். கயிறை அவுருங்க அண்ணே, நானும் வெட்டுகேன்" என்று தரையில் உட்கார்ந்து, முதல் மண்கட்டியை அவளே கொத்திப் பெயர்த்தாள். ஆன்ட்ரூஸ் கயிற்றை அவிழ்த்தார். மீதி மண்ணை, மதில் கட்ட வந்த அவருடைய கொத்தனார்கள் வெட்டித் தள்ளினார்கள்.

சாயங்காலம் கடைக்குப் போக ஸ்கூட்டரை எடுத்தாள். இத்தனை நாள் கையாலையில் உரசி உரசிப் பெயிண்ட் போன பக்கம் எதிலும் படவில்லை. ரோடு வரை போனவள், கடையை மறந்து திரும்பி வீடுவரை வந்து, மறுபடியும் போனாள்.