பாதி ஷாஃப்ட்டும் முழு அளவும்

அரிசிச் சாக்கில் சுற்றிய இரும்புத் தண்டை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போகிற ஒரு பெண்ணைப் புதுப்பேட்டை வண்டி சாமான் கடைகள் பக்கம் யாராவது பார்த்திருந்தால், அது நான்தான். சாக்குக்குள் இருந்தது எங்கள் ஜீப்பின் முன் ஷாஃப்ட். இன்ஜினின் இழுவையை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகிற தண்டு. அது இல்லாவிட்டாலும் பின்சக்கரங்கள் இழுக்கும், ஊருக்குள் ஓட்ட அதுவே தாராளம். ஆனால் ஜீப்பை வாங்க வந்தவர் மலையும் மணலும் ஏறுகிற கூட்டத்தைச் சேர்ந்தவர். "நாலு சக்கரமும் இழுத்தாத்தாங்க எனக்கு அது வண்டி. ஷாஃப்ட்டைப் போட்டு வைங்க, மறுநாளே எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

விற்றே ஆகவேண்டிய நிலை. என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் அடையாறில் பிசியோதெரபி. ஜீப்பையோ அவர் மலைப்பாதையில் அடி தட்டாமல் ஓட்ட ஆசை ஆசையாக உயரம் ஏற்றி வைத்திருந்தார். காலில் ஒரு குறையும் இல்லாத நானே கைப்பிடியில் தொங்கித்தான் ஏறவேண்டும், அவரை எப்படி ஏற்றுவது? அதனால் கால் டாக்ஸி. வீல்சேரைக் கண்டதும் டிரைவரின் முகம் சுருங்கும், அந்த முகத்தைப் பார்க்காத மாதிரி நான் நடிக்க வேண்டும். எங்கள் அபிராமபுரம் அபார்ட்மெண்டில் எங்களுக்கென்று இருப்பது ஒரே ஒரு பார்க்கிங். ஜீப் போனால்தான் அவர் உட்கார்ந்தபடியே நகர்ந்து ஏறக்கூடிய தாழ்வான கார் ஒன்று அங்கே வந்து நிற்கும். இதையெல்லாம் சொன்னபோது அவரும் "வித்துடலாம்" என்றார்.

சென்னையில் எந்தச் சாமான் வாங்கப் போனாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: சாம்பிள் இருக்கா? குழாய்க்கு வாஷர் வாங்கினாலும் பழசைக் கொண்டு போக வேண்டும். நானும் கொண்டு போனேன். புதுப்பேட்டையில் எல்லாரும் பாய் என்று கூப்பிடுகிற கடைக்காரர் சாக்கைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா மேடம், பாதிதான் கீது? மீதி எங்க?"

மீதி ஜவ்வாது மலையில் எங்கோ ஒரு பள்ளத்தில் கிடக்கிறது. என் கணவர் கடைசியாக ஓட்டிப்போன பயணத்தில் முறிந்து விழுந்தது. அதைச் சொன்னேன்.

"கம்பெனி சைஸ்னா எடுத்துக் குடுத்துருவேன். இது ஹைட் ஏத்துன வண்டின்றீங்க, அது பத்தாது. வண்டில அளவு எடுத்துக்கினு ஈக்காட்டுத்தாங்கல் போங்க. பட்டறைல நீளம் சேத்து வெல்டு வச்சுக் குடுப்பாங்க."

நான் வேலை பார்ப்பது தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில், கணக்குப் பிரிவில். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தின்றுதான் இந்த அலைச்சல் எல்லாம். ஒருநாள் பட்டுப்புடவைப் பிரிவின் வழியாகப் போனபோது என் கையில் கிரீஸ் இருப்பதை சூப்பர்வைசர்தான் காட்டினார். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. ஷாஃப்ட் மேல், ஜீப் மேல், அதை உயரம் ஏற்றியவர் மேல். நோயாளி மேல் எரிச்சல்படக்கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆழ்வார்பேட்டையிலிருந்து மெக்கானிக் வந்தார். சின்னக் கார்களாகப் பார்த்துப் பழகியவர், உயரம் ஏற்றிய ஜீப் அவருக்குப் புதிது. அதனால் என் கணவரையே கீழே அழைத்து வந்து பக்கத்தில் உட்கார வைத்தேன். நாக்கு இன்னும் கொஞ்சம் குழறும், ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார். "ஜாக்கி போட்டுத் தூக்கு. முன்சக்கரம் ரெண்டும் தொங்கட்டும். இப்ப அள."

"அண்ணன் சொன்னா கரெக்ட்டா இருக்கும்" என்று மெக்கானிக் அளந்தார்.

அந்த அளவுக்குப் பட்டறையில் ஷாஃப்ட் தயாரானது. அடுத்த ஞாயிறு அதை மாட்டி, ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் பட்டதும் 'ணங்' என்று முட்டிக்கொண்டு நின்றது. ஷாஃப்ட் அளவுக்கு மேல் நீளம். "பட்டறைக்காரன் தப்பா வெட்டிட்டான்" என்றார் என் கணவர், என் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் அரைநாள் லீவு போட்டு ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போய் நன்றாகவே சண்டை போட்டேன். பட்டறைக்காரர் டேப்பை நீட்டிக் காட்டினார். நாங்கள் கொடுத்த அதே அளவு, இம்மி பிசகவில்லை. போன வேகத்தில் திரும்பினேன்.

ஆட்டோ சைதாப்பேட்டைப் பாலத்து நெரிசலில் நின்றிருந்தபோதுதான் அது எனக்கு உறைத்தது. முதன்முதலில் ஜீப்பை உயரம் ஏற்றிய அன்று, டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் நானும் கிடந்தேன். ஜாக்கியைக் கொண்டுவந்த அப்போதைய மெக்கானிக்கை என் கணவர் அன்றைக்குப் பிடித்த பிடி இருக்கிறதே! "தொங்கவிட்டு அளந்தா நீளம் கூடிடும்யா. ரோட்டுல நிக்கிற மாதிரி நாலு சக்கரத்துலயும் நிக்கணும், அப்பத்தான் அளக்கணும்." அப்படிக் கத்திய மனுஷர் இதை மறப்பாரா? தன் மாத்திரை பெயரை மறப்பார், இதை மறக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்தேன். அவர் பால்கனியில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் கீழே ஜீப்பின் முன்பக்கம் தெரியும். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் நின்றேன்.

"ஏங்க தப்பா அளக்கச் சொன்னீங்க?"

அவர் மறுக்கவில்லை. கீழே ஜீப்பைப் பார்த்தபடியே, "ஷாஃப்ட் கிடைச்சா வண்டி போயிடும்" என்றார்.

"போகத்தானே இவ்வளவு பாடுபடறேன்? நான் படற பாடு உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது." இடது கையால் வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வண்டி போயிடுச்சுன்னா, நான் இனிமே ஓட்டப்போறதில்லன்னு ஆயிடும்ல? சொல்லு. நான் திரும்ப ஓட்டுவேனா?"

ஓட்டுவீங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். எத்தனையோ பேர் வீட்டுக்கு வந்து பழத்தைக் கொடுத்துவிட்டு அதைச் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு வாய் வரவில்லை. களைப்பா, டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னதா, எது என் வாயைக் கட்டியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து செருப்பைக் கழற்ற ஆரம்பித்தேன்.

கழற்றி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு அவர் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை மெக்கானிக்கை வரச் சொல்லு. ஜாக்கி வேண்டாம். வண்டி தரையில நிக்கட்டும், நான் சரியா அளந்து தரேன்."