வாழையடியில் ஊற்றிய காபி

மாதத்தில் ஏழெட்டு நாள் என் மகள் சித்தி வீட்டில்தான் படுப்பாள். ஒரே வாசலுக்கு எதிரெதிராக இரண்டு வீடுகள். ஒன்றில் நாங்கள், மற்றதில் என் கொழுந்தனும் அவன் மனைவியும். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைக் கடந்து போவாள். நான் அடுப்படி ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பேன். வயிறு எரியும்.

எந்த ஏழெட்டு நாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு வருவதற்கு முந்தைய நாட்கள். அப்போது எனக்கு மார்பு கனக்கும், வயிறு உப்பிக்கொள்ளும், தூக்கம் பிடிக்காது. யார் எது சொன்னாலும் குத்திக்காட்டுவது போல் இருக்கும். தட்டுகள் பறக்கும். ஒருமுறை மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் பறந்துபோய் வாசலில் விழுந்தது. விலக்கு வந்த மறுநாளே சரியாகிவிடுவேன். பக்கத்தில் உட்கார்ந்து தலைவாரிவிடக் கூப்பிடுவேன். வருவாள். ஆனால் சீப்பைத் தூக்கினால் தோளைக் குறுக்கிக்கொள்வாள்.

என் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, எங்கள் மலையிலேயே குண்டூர் நாடு என்கிற பக்கத்துக்காரி. என்னைவிட ஆறு வயது இளையவள். அவளுக்கும் மாதாமாதம் வருகிறது என்பது கொடியில் காயும் துணியைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் வரும் முன்பு அவள் முகத்தில் ஓர் அடையாளமும் இருக்காது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவள் என்னைவிட நன்றாகக் களி கிண்டுவாள், பொறுத்துக்கொண்டேன். அவள் நட்ட மிளகுக்கொடி என் கொடியைவிட உயரமாக ஏறியது, அதையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் எனக்கு மட்டும் பேய் பிடிக்கிற அந்த நாட்களில் அவள் வாசலில் உட்கார்ந்து என் மகளுக்கு ஜடை போட்டுக்கொண்டிருப்பதை என்னால் பார்க்க முடியவில்லை.

மகளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. அவள் வகுப்பில் பாதிப் பெண்கள் வயதுக்கு வந்துவிட்டார்கள். இவளுக்கு இன்றோ நாளையோ என்றிருந்தது. நான் பெரியவளான அன்று, சோளக்காட்டு ரோட்டிலிருந்து மூச்சு வாங்க ஓடிவந்து என் அம்மாவின் மடியில் விழுந்தேன். இவள் எந்த வீட்டுக்கு ஓடுவாள்? முதலில் யாரிடம் சொல்வாள்? ஒரு வருடமாக எனக்கு இதே நினைப்புதான். கணவரிடம் சொன்னால், "யார்கிட்ட சொன்னா என்ன, ரெண்டும் ஒரே ஊடுதானே" என்றார். அவருக்கு என்ன தெரியும்.

அங்கன்வாடிக்கு வந்த நர்சம்மாவிடம் என் கஷ்டத்தைச் சொல்லியிருந்தேன். "பல பொம்பளைங்களுக்கு இருக்கறதுதாங்க. உப்பையும் ஊறுகாயையும் கொறைங்க. தெனமும் நடங்க, நேரத்துக்குத் தூங்குங்க. காபி, டீயைக் கொறைங்க. வர்ற தேதிய குறிச்சு வைங்க. அப்பவும் முடியலீன்னா டாக்டரப் பாருங்க, வெக்கப்படாதீங்க" என்றார். காபியைப் பற்றிச் சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நர்சம்மா சொன்னது பஸ் நிற்கிற இடத்தில் பாலும் சீனியும் போட்டு விற்கிற காபி என்று நினைத்தேன். எங்கள் தோட்டத்துக் கொட்டையை வறுத்து இடித்து, மிளகும் வெல்லமும் தட்டிப்போட்ட கருங்காபியை எங்கள் மலையில் யாரும் காபிக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது மருந்து. தலைவலியா, குளிரா, கை கால் உளைச்சலா, ஒரு டம்ளர். அந்த நாட்களில் எனக்கு எல்லாமே வலித்தது. அதனால் ஆறு டம்ளர், ஏழு டம்ளர் குடித்தேன்.

மற்றவற்றை ஓரகத்தியைப் பார்த்துத்தான் செய்தேன். அவள் எள்ளுருண்டை பிடித்தால் நானும் பிடித்தேன். அவள் ஒன்று தின்றால் நான் இரண்டு தின்றேன். அவள் காலையில் கேழ்வரகுக் கூழ் குடித்தாள், நானும் குடித்தேன். அவள் ஓடைக்கு நடந்துபோனால் பின்னாலேயே நானும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். அவளுக்குச் சிரிப்பு, எனக்கு முன்பிருந்த அதே எரிச்சல். தாய்வீட்டிலிருந்து ஏதோ வேர் கொண்டுவந்து ஒளித்து வைத்திருக்கிறாள் என்றுகூட நினைத்தேன். அவள் இல்லாத நேரத்தில் அவளுடைய அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பார்த்தேன். கடுகும் சீரகமும் வெந்தயமும்தான் இருந்தன. சீச்சீ என்றாகிவிட்டது.

மிளகு பறிக்கிற காலம் வந்தது. அப்போது இரண்டு வீட்டுக்கும் மூத்த மருமகளான நான்தான் காபி வைக்க வேண்டும். தூக்குப்போசியில் ஊற்றி மரத்தடிக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை காலை. ஆண்கள் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாத்தி மேலே பறித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி என்னிடம் இரண்டு கையாலும் டம்ளரை வாங்கி, "நல்ல வாசமுங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வாழைமரங்களுக்குப் பின்னால் போனாள். நான் வெல்லம் போதுமா என்று கேட்கப் பின்னாலேயே போனேன். அவள் காபியை வாழையடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

எனக்கு அந்த நாட்கள். கேட்க வேண்டுமா? தூக்குப்போசி பறந்தது.

"ஏன்டி, நான் வெச்ச காப்பி வெசமா? மூஞ்சிக்கு முன்னால நல்ல வாசம்னு சொல்லிட்டு, பின்னால போயி மண்ணுல ஊத்துறியா?"

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். 

"ஐயோ, இல்லீங்க அக்கா. எனக்கு வர்றதுக்கு முன்னால இந்தப் பத்து நாளும் காப்பி ஒத்துக்கறதில்லீங்க. குடிச்சா தூக்கம் வராது. நெஞ்சு படபடங்கும். காலைல யாரப் பாத்தாலும் அறையலாம்னு வரும்."

"உனக்கா?"

"எனக்குந்தாங்க. வாய் வரைக்கும் வரும், அப்ப எந்திரிச்சு ஓடைக்குப் போயிருவேன். வேண்டாம்னு சொன்னா உங்களுக்குக் கோவம் வரும். உங்களுக்கும் இதே நாளுதாங்களே அக்கா. ரெண்டு பேரும் ஒண்ணாக் கத்துனா புள்ள எங்க போவா?"

நான் அவள் பின்னாலேயே குடத்தோடு நடந்த நடையெல்லாம் நினைவுக்கு வந்தது. கத்தாமல் இருப்பதற்காக ஓடைக்குப் போனவளை அங்கேயும் நான் விடவில்லை. ஆனால் வெட்கத்துக்கு முன்னால் சந்தேகம்தான் முந்திக்கொண்டது.

"என்னோட நாளு உனக்கெப்படித் தெரியும்?"

 அவள், சத்தம் கேட்டு ஓடிவந்து நின்ற மகளைப் பார்த்தாள். மகள் பொறுக்கிய மிளகைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டாள்.

அன்று சாயங்காலம் ஓரகத்தி வீட்டுக்குள் போய்ப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் மாதக் காலண்டர் மாட்டியிருந்தது. சித்திக்கு விலக்கு வந்த தேதிகளுக்குப் பென்சிலில் வட்டம். அதற்கு முந்தைய ஏழெட்டுத் தேதிகளுக்குப் பெருக்கல் குறி. ஒவ்வொரு குறிக்குக் கீழும் எறும்பளவு எழுத்தில் 'அம்மா' என்றிருந்தது. என் மகளின் கையெழுத்து. மேலே மடித்துவிட்டிருந்த தாள்களையும் பிரித்துப் பார்த்தேன். எல்லா மாதத்திலும் இருந்தது, வரப்போகும் மாதத்திலும். தலையணையை எடுக்க வேண்டிய நாளை என் பிள்ளை முன்கூட்டியே குறித்து வைத்திருந்தாள்.

"நாந்தாங்க குறிக்கச் சொன்னேன்" என்றாள் ஓரகத்தி. "அம்மாவுக்கு எம்மேல பாசமே இல்லைன்னு அழுதாளுங்க. பாசம் இல்லாம இல்ல சாமி, இந்த நாளு அப்படின்னு சொன்னேன். நாளு தெரிஞ்சா பயம் கொறையுமில்லீங்களா?"

நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது. என் மகளிடம் எனக்காகப் பேச இவள் யார்? அந்தப் பேச்சை நானே ஏன் பேசவில்லை? வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

நர்சம்மா சொன்ன காபியும் என் கருங்காபியும் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது. மறுநாள் முதல் காலையில் ஒரே டம்ளர் என்று வைத்தேன். முதல் நான்கு நாள் தலை பிளந்தது. குடித்துத் தொலைக்கலாமா என்று வந்தது. எதிர்வீட்டுக்காரி பார்ப்பாளே என்ற ரோஷத்தில் குடிக்கவில்லை. பொறாமையாலும் சில நல்லது நடக்கும்போல. ஊறுகாய்ச் சாடியைப் பரணில் ஏற்றினேன். ஓரகத்தியிடம் கேட்டுவிட்டு அவளோடு ஓடை வரைக்கும் நடந்தேன். பேசாமல்தான் நடந்தோம். அவள் எப்போதும் நாலு எட்டு முன்னால் போனாள், அதுவும் பிடிக்கவில்லை. என் அடுப்படியிலும் ஒரு காலண்டர் மாட்டினேன். நாள் வந்ததும் நானே மகளிடம் சொல்லப் பழகினேன்: "இன்னைக்கு அம்மாகிட்ட கணக்குப் பாடம் கேக்காத கண்ணு. நாளு சரியில்ல."

முழுக்கப் போய்விடவில்லை. மார்பு இன்னும் கனக்கிறது, எரிச்சல் இன்னும் வருகிறது. ஆனால் மூன்றாவது மாதம் தூக்கம் வந்தது. தட்டுகள் அலமாரியிலேயே இருந்தன. தலையணை ஏழெட்டு நாள் போனது மூன்று நாளாகி, பிறகு ஒரு நாளானது.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். நான் அடுப்படியில் சாமை புடைத்துக்கொண்டிருந்தேன். மகள் வந்து வாசற்படியில் நின்றாள். முகம் வெளுத்திருந்தது. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதில் சொன்னாள்.

"அம்மா, நான் வயசுக்கு வந்துட்டேன். மொதல்ல உங்கிட்டத்தாம்மா சொல்றேன்."

முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிக்கொண்டேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஏதோ சூடாக இடித்தது. குனிந்து பார்த்தேன். வயிற்றோடு அணைத்துக்கொண்டிருந்த வெந்நீர் பாட்டில். அதைச் சுற்றியிருந்தது ஓரகத்தியின் நீலத் துண்டு.

 முதலில் அங்கேதான் போயிருக்கிறாள். குழந்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், தோளைக் குறுக்கத் தயாராக. நான் துண்டைப் பார்க்காதவள் மாதிரி அவள் நெற்றியில் முத்தம் கொடுத்தேன்.

"எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னியா, எஞ்சாமி" என்றேன். தோள் இறங்கியது. மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஏம்மா, இங்க வா. எம் மக பெரிய மனுசி ஆயிட்டா. உனக்குத்தான் அடுத்துச் சொல்றேன்."

ஓரகத்தி எதிர்வீட்டுக் கதவுக்குப் பின்னாலேயே நின்றிருக்க வேண்டும், அத்தனை சீக்கிரம் வந்தாள். இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை அகல விரித்து, "அப்படீங்களா அக்கா! எப்பங்க? எனக்குத் தெரியவே தெரியாதுங்களே!" என்றாள்.

அவளுக்கு நடிக்கவே வரவில்லை. எனக்கு வந்தது. அந்த ஒன்றிலாவது நான் அவளைவிடக் கெட்டிக்காரி.