திங்கட்கிழமை கிழக்கே சூலம்

ஆறுச்சாமிக்குக் காலண்டர் தேவைப்பட்டதே இல்லை. திங்களும் சனியும் கிழக்கே சூலம், செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. அந்தக் கிழமையில் அந்தத் திசைக்குக் கிளம்பக் கூடாது. ஊரில் யாருக்குத்தான் இது தெரியாது? ஆனாலும் பெண் பார்க்கப் போகிறவன், மாடு வாங்கப் போகிறவன் எல்லாரும் பெருந்துறைக்குப் பக்கத்திலிருந்த அவர் தோட்டத்து வாசலில் வந்து நின்று, "ஏனுங்க, நாளைக்குக் கெளம்பலாமுங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அதில் மனுஷனுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

ஒரே மகன் அருள்குமார் கோயமுத்தூரில் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டராக இருந்தான். தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆனி மாதம், கடல் தாண்டிக் கிழக்கே ஒரு நாட்டில் பம்பு மாட்டிக் கொடுக்க அவனை இரண்டு வருஷத்துக்கு அனுப்பினார்கள். அவன் மனைவி லோகப்பிரியாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. குழந்தை பிரவீனாவுக்கு அப்போது மூன்று வயது. லோகப்பிரியா படித்தவள், வாய்த்துடுக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை அவன் பெட்டியைத் தூக்கியபோது, "போறதுன்னா ஒரேயடியாப் போங்க. திரும்பி வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் கொடுமுடியிலிருந்த அம்மா வீட்டுக்குப் பிள்ளையோடு பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாற்சந்தியில் டெலிபோன் பூத் வைத்திருந்த சிக்கந்தர் சைக்கிளில் வந்தார். "அண்ணா, அருளு சென்னையிலிருந்து கூப்பிடறானுங்க" என்று ஆறுச்சாமியைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார்.

"அப்பா, நாளைக்கு டிக்கெட்டுங்க" என்றான் மகன்.

"நாளைக்கா? திங்கக்கெழமை கெழக்கே சூலமல்லடா. செவ்வாய்க்கெழமைக்கு மாத்திப்போடு."

அருள்குமார் சிரித்தான். "அதுக்குத்தான் பரிகாரம் இருக்குதுங்களே. ஒரு வாய் தயிர் குடிச்சுப்போட்டு ஏறிக்கறனுங்கப்பா. விட்டுருங்க."

அவன் சொன்னது சரிதான். கிழக்கே சூலத்துக்குத் தயிர் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். ஆனால் அன்றைக்கு என்ன பிடிவாதம் வந்ததோ! "ஈரோட்டுச் சந்தைக்குப் போறவனுக்குத் தயிர் பத்தும். கடல் தாண்டறவனுக்குப் பத்தாது. சொன்னாக் கேளு சாமி" என்றார். மகன் கேட்டுக்கொண்டான். அப்பன் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று அவனை வளர்த்தவரும் இவர்தானே.

திங்கட்கிழமை விமானம் பத்திரமாகப் போய் இறங்கியது. செவ்வாய்க்கிழமை விமானம் ஒரு மலையில் மோதி எரிந்துபோனது. ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மகனின் உடம்பென்று கொடுக்க அங்கே ஒன்றும் மிஞ்சவில்லை. தர்ப்பைப் புல்லில் உருவம் செய்து எரித்து, சாம்பலைக் கொடுமுடியில் காவிரியில் கரைத்தார்கள்.

கரைத்த அன்றே சென்னையிலிருந்து டிக்கெட் ஏஜெண்டு வந்திருந்தார். அவருக்குத் தெரிந்ததை அவர் சொன்னார். "திங்கக்கிழமைக்குத்தாம்மா சீட்டு இருந்தது. ஊட்டுல ஒரு சிக்கல், ஒரு நாள் தள்ளிப்போடுங்கன்னு அவரேதான் வந்து மாத்தினார்."

லோகப்பிரியா ஆற்றங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிக்கல் என்றால் எது? தான் போட்ட சண்டைதான். திரும்பி வர வேண்டாம் என்று சொன்ன வாய்தான். "நாந்தான் மாமா கொன்னுபோட்டேன்" என்று மாமனாரைப் பார்த்துக் கதறினாள். ஆறுச்சாமி வாயைத் திறந்தார். சுற்றிலும் ஊர் சனம் நின்றது. வாயை மூடிக்கொண்டார்.

பிள்ளையோடு மாமனார் வீட்டுக்கே வந்துவிட்டவள், அன்றோடு பேச்சை விட்டாள். கேட்டதற்கு ஒரு வார்த்தை, அதுவும் தரையைப் பார்த்து. பிள்ளையைக் கொஞ்சுவதில்லை, திட்டுவதுமில்லை. அம்மா பேசாத வீட்டில் பிரவீனாவும் பேச மறந்தாள். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைக் காட்டினாள். மூன்று வயதில் ஓயாமல் பேசிய பிள்ளை நாலு வயதில் விரல் காட்டிக்கொண்டு நின்றதை ஆறுச்சாமி தினமும் பார்த்தார். ஆனாலும் சொல்லவில்லை.

மகனோடு போனில் பேசிய அன்று பூத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவர் சிக்கந்தர். "சொல்லிருங்கண்ணா. அந்தப் புள்ள பாவமுங்க" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். அதற்கப்புறம் ஆறுச்சாமி நாற்சந்திப் பக்கமே போவதை நிறுத்திக்கொண்டார். கொடுமை என்னவென்றால், ஊர் சனம் அப்போதும் வந்து சூலம் கேட்டது. இவரும் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து விமானக் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தது. லோகப்பிரியா படித்துச் சொன்னாள். அத்தனை நாளில் அவள் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான்.

"வழி காட்டற மெஷின்ல பைலட்டு நம்பரைத் தப்பாப் போட்டுட்டாராமுங்க. சோத்தாங்கைப் பக்கம் திரும்ப வேண்டியது பீச்சாங்கைப் பக்கம் திரும்பிருச்சாமா. கடலுக்கு மேல போறோம்னு நெனச்சுட்டே மலைக்கு நேராப் போயிருக்காங்க. எந்தத் தெசையப் பாத்துப் போறோம்னு கடைசி வரைக்கும் அவங்களுக்குத் தெரியவே இல்லீங்களாம்." கடிதத்தை மடித்தாள். "தப்பு பைலட்டு மேலேன்னு எழுதியிருக்காங்க. செவ்வாய்க்கெழமை அவரை அதுல ஏத்துனது ஆருன்னு இவங்களுக்கு எங்க தெரியும்?"

நஷ்டஈட்டுக்கு ஈரோட்டில் வக்கீலைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு நாள் கழித்துக் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியவள், அந்த வீட்டு வழக்கப்படி வாசலில் நின்றாள்.

"ஈரோட்டுக்குப் போலாமுங்களா மாமா?"

திங்கட்கிழமை. ஈரோடு கிழக்கே. ஆறுச்சாமி இந்தத் தடவையும் 'நாளைக்குப் போ அம்மணி' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். பக்கத்தில் பிரவீனா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"டிக்கெட்டை மாத்தச் சொன்னது நாந்தான் கண்ணு" என்றார். "சூலம்னு சொன்னேன். தயிர் குடிச்சுப்போட்டு ஏறிக்கறேன்னு கெஞ்சுனான். பத்தாதுன்னேன். உன்ற சண்டைக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை."

லோகப்பிரியா அழவில்லை.

"ஒரு வருசமுங்க மாமா" என்றாள். "நான் வாயைக் கட்டிட்டுக் கெடந்ததை, எம்புள்ள ஊமையாட்டத் திரியறதைத் தெனமும் பாத்துட்டுத்தானே இருந்தீங்க?"

அவள் உள்ளே போனாள். ஒரு டம்ளர் தயிரோடு வந்து அவர் எதிரிலேயே நின்று குடித்தாள். மிச்சத்தை மகளுக்குப் புகட்டினாள். காலி டம்ளரை அவர் காலடியில் வைத்தாள்.

"எங்களுக்கு இது பத்துமுங்க" என்றாள். "பிரவீனா, செருப்பைப் போடு கண்ணு. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

இருவரும் கிழக்கே போகிற பஸ்ஸில் ஏறினார்கள். ஆறுச்சாமி வாசலை விட்டு நகரவேயில்லை. சாயங்காலம் நாலு மணி பஸ்ஸில் இருவரும் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள்.