சரோஜா அக்காவுக்கு ஒரு மெசேஜ்

நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார்ந்து படிக்க நேரம் கிடைக்கும் என்று நம்பும் உலகத்தில்தான் நீங்களும் நானும் சம்பளம் வாங்குகிறோம். நான் வாங்குவது மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில், ஆய்விதழ்ப் பிரிவில். ஒரு காலத்தில் அங்கே நாலு பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும். எப்படி என்று கேட்பீர்கள். சொல்கிறேன், நமக்குள் என்ன ஒளிவு மறைவு.

முறுக்கு ரேக்

முன்பெல்லாம் இதழ்கள் தபாலில் வரும். உறையைக் கிழிப்பது, முத்திரை குத்துவது, ரேக்கில் அடுக்குவது, வருஷக் கடைசியில் பைண்டிங்குக்கு அனுப்புவது என்று இடுப்பொடிய வேலை. பிறகு எல்லா இதழ்களையும் கணினியிலேயே படிக்கும்படி கல்லூரி சந்தாவை மாற்றியது. தபால் நின்றது. ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவரை ஆபீஸ் பக்கம் மாற்றினார்கள். அந்த நாற்காலிகளுக்குப் புது ஆள் வரவில்லை. மிஞ்சியது நானும் சரோஜா அக்காவும்.

காலி ரேக்குகளை எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் வாங்கிக்கொண்டார். லாரியில் ஏற்றும்போது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. பாய் ஆறுதல் சொன்னார்: "கவலைப்படாதம்மா, இதுல முறுக்கு பாக்கெட் அழகா நிக்கும் லா. உங்க புக்கு மாதிரி தூங்காது, சாயங்காலத்துக்குள்ள காலியாயிடும்."

ஆன்லைன் என்றால் என்ன

விரிவுரையாளர்கள் ஒவ்வொருவருக்கும் பாஸ்வர்ட் கொடுத்தோம். நிர்வாகவியல் துறை டாக்டர் குணா அதைத் திரும்பத் திரும்பத் தப்பாக அடித்துப் பூட்டிக்கொள்வார். பரிதாபப்பட்டு அக்காதான், "தலைப்பை மட்டும் வாட்சாப்ல அனுப்புங்க சார், நான் எடுத்துத் தர்றேன்" என்றார். வந்தது வினை. கொஞ்ச நாளில் துறை முழுக்க அக்காவின் நம்பர் இருந்தது. அக்கா தேடுவார், இறக்குவார், போனுக்கு அனுப்புவார். பொடி எழுத்து தெரியாதவர்களுக்குத் தாளில் அடித்து மேசையில் கொண்டுபோய் வைப்பார். கவுண்டருக்கு ஒருவரும் வருவதில்லை, வரவேண்டிய அவசியமும் இல்லை.

ஒருநாள் கேண்டீனில் டாக்டர் குணா புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்: "இங்க எல்லாம் ஆன்லைன், ரொம்ப ஈஸி. சரோஜாவுக்கு ஒரு மெசேஜ் போட்டா வந்துடும்."

பால்குடம்

அந்த வருஷத் தைப்பூசம். அக்கா தலையில் பால்குடம், நான் பக்கத்தில் அக்காவின் கைப்பையோடு. பைக்குள் போன் ஓயவே இல்லை. டாக்டர் குணாதான். ஒரு கட்டுரை வேண்டுமாம், அவசரமாம். அக்காவின் காதில் சொன்னேன். "பால்குடம் இறக்கிட்டு அனுப்புறேன்னு சொல்லு" என்றார். அப்படியே எழுதி அனுப்பினேன். மனுஷன் கொஞ்சமாவது கூச்சப்படுவார் என்று பார்த்தால், உடனே பதில் வந்தது: "எத்தனை மணிக்கு இறக்குவாங்க?"

கூட்டம்

அக்காவின் வீடு ஊருக்கு வெளியே ரப்பர் தோட்டத்தில். பள்ளி வேன் அந்தச் செம்மண் பாதைக்குள் வராது. மகள் தமிழ்ப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா மோட்டார் சைக்கிளில் பறந்துபோய்ப் பிள்ளையைக் கூட்டிவந்து பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் திரும்புவார். புருஷனுக்குத் தொழிற்சாலையில் பகல் ஷிப்ட், நகர முடியாது. அக்காவின் பிழைப்பே அந்தச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கல்லூரி முதல்வர் எப்போது எட்டிப் பார்த்தாலும் எங்கள் கவுண்டர் வெறிச்சோடிக் கிடக்கும். இரண்டு ஆள் எதற்கு, ஒருவரை பண்டார் பாரு கிளைக்கு அனுப்பலாமே என்று கூட்டத்தில் கேட்டார். குறிப்பெடுக்க நானும் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தலைமை நூலகர் புவான் ரொஹானா எவ்வளவோ எடுத்துச் சொன்னார். ஒரு நாளைக்கு அக்காவுக்கு எத்தனை மெசேஜ் வருகிறது என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். விரிவுரையாளர்கள் சார்பில் வந்திருந்தவர் டாக்டர் குணா. அப்பாடா, இவராவது சொல்வார் என்று நிமிர்ந்தேன். சொன்னார்: "நான் லைப்ரரிப் பக்கம் கால் வச்சே வருஷக்கணக்காச்சு. எல்லாம் ஆன்லைன். ஆள் எதுக்கு?"

நீல டிக்

வயதில் மூத்தவர் என்றாலும் வேலையில் அக்காதான் என்னைவிட ஜூனியர், அதனால் அக்காதான் போனார். காரிலேயே ஒரு மணி நேரப் பயணம். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகு வீடு. அங்கே இதழும் இல்லை, ஒன்றும் இல்லை. வாசலில் உட்கார்ந்து மாணவர்களின் பையைப் பார்த்துக்கொள்ளும் வேலை.

அடுத்த வாரம் டாக்டர் குணா வேர்த்து விறுவிறுத்து, லேப்டாப்பை அணைத்துக்கொண்டு கவுண்டருக்கே வந்துவிட்டார். "சரோஜாவுக்கு மெசேஜ் போட்டா நீல டிக் வருது, பதில் வரலையேம்மா." மாற்றிவிட்டார்கள் சார், கூட்டத்தில் நீங்கள் சொன்னதை வைத்துத்தான் என்றேன். உண்மையிலேயே திகைத்துப் போனார். "ஐயோ, நான் வேலையைத்தாம்மா சொன்னேன், ஆளைச் சொல்லல."

இதை அக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அக்கா சொன்னார்: "எல்லாம் ஆன்லைன்தானே? என் பிள்ளையையும் ஆன்லைன்லயே ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வரச் சொல்லு."

இப்போது தினமும் மதியம் அந்தப் பிள்ளையை என் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வருகிறேன், அந்த நேரத்தில் எங்கள் பிரிவில் ஓர் ஆள்கூட இல்லை என்பதை மட்டும் மேலிடத்தில் இன்னும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.