நூல் சேலையில் பொதிந்த மல்லி மொட்டு

ஈரத்துணி மூட்டையை அவிழ்த்ததும் முதலில் முகத்தில் படுவது குளிர்ச்சி. அதன் பிறகு துணியின் வாசனை. அதற்கும் பிறகுதான், பகலெல்லாம் வாய் திறக்காமல் கிடந்த மல்லிகை மொட்டுகள் மொத்தமாக விடுகிற அந்த மூச்சு. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டின் பின்புறம், துவைகல்லை ஒட்டி நாலைந்து மல்லிச் செடிகள் நின்றன. குளித்த தண்ணீரையும் அரிசி கழுவிய தண்ணீரையும் தவிர அவற்றுக்கு நாங்கள் எதுவும் கொடுத்ததில்லை. ஆனாலும் பங்குனி பிறந்து கரிசல் மண் வெடிக்கத் தொடங்கியதும், இலை தெரியாமல் அரும்பு கட்டிவிடும்.

அம்மாவும் அக்காவும் பட்டாசுக் கம்பெனிக்குப் போனார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு "ஆபீஸ்" என்று பெயர். நான் படிக்க வேண்டும் என்பதற்காக எட்டாவதோடு நின்றவள் அக்கா செல்வி. கம்பெனி வேன் வருவதற்குள் பறித்து முடிக்க வேண்டும் என்பதால், விடிந்தும் விடியாமலும் மூன்று பேரும் செடியடியில் குனிந்திருப்போம். பச்சை ஓடிய மொட்டைப் பறித்தால் மலராமலே வாடிவிடும். மிகவும் பருத்தது மத்தியானத்திலேயே வாய் பிளந்துவிடும். வெள்ளை ஏறி, நுனி இறுகி, அன்று சாயங்காலம் மலரக் காத்திருக்கிற மொட்டாகப் பார்த்துக் காம்போடு கிள்ள வேண்டும். "அமுக்காதலே, அது தூங்கட்டும்" என்பாள் அம்மா.

பறித்ததை என் பழைய பள்ளிக்கூடச் சட்டையை நனைத்துப் பிழிந்து, அதில் பொதிந்து, ஈரமணல் பரப்பிய பானைக்குள் வைப்போம். கோயில் கொடைவிழாவுக்கோ விசேஷத்துக்கோ இரண்டொரு நாள் தாங்க வேண்டுமென்றால், தெருமுனை மளிகைக் கடை அண்ணாச்சியின் "ஐஸ் பெட்டி"க்குப் போகும் மூட்டை. "ஏலே, எம்புட்டுப் பூவைத்தான் கொண்டாந்து அடைப்பீக? பால் பாக்கெட்டெல்லாம் மல்லி மணக்குதுன்னு ஆளுக சண்டைக்கு வாராக" என்று சத்தம் போட்டுக்கொண்டே இடம் ஒதுக்கித் தருவார் அண்ணாச்சி.

நான் ஏழாவது படித்த வருடம் அக்காவுக்குத் திருத்தங்கலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அச்சாபீசில் வேலை. காகிதமும் மையும்தான், வெடிமருந்தோடு சகவாசமில்லை. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. "இந்த ஒரு பிள்ளையாச்சும் வெடிச் சத்தத்துக்குத் திடுக்கிடாம வீட்டுல சோறு பொங்கட்டும்" என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி, அந்தச் சம்பந்தத்தைக் கைநழுவ விடக்கூடாது என்ற பயத்தில் ஒரு பொய்யும் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீட்டார், மருந்து வேலைக்குப் போகாத பெண்ணாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். அம்மா, "எம்புள்ள வீட்டுலதான் இருக்கா" என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. அந்த வாரம் முழுக்க அக்கா வேலைக்குப் போகவில்லை. அலுமினியப் பவுடர் நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. புளியைக் கரைத்துத் தேய்த்து, தேங்காயெண்ணெய் போட்டு, மறுபடியும் புளியைத் தேய்த்து, வியாழக்கிழமைக்குள் அவள் கைகள் பள்ளிக்கூடத்து டீச்சர் கைகளைப்போல் ஆகிவிட்டன. அவளே அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தாள்.

வருகிற பெண்களுக்கெல்லாம் தலை நிறையப் பூ கொடுக்க வேண்டும், அதுவும் வீட்டுப் பூவாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. அதனால் புதன்கிழமையிலிருந்தே பறித்துச் சேர்த்தோம். அவ்வளவு மொட்டுக்கு என் சட்டை பற்றவில்லை. கொடியில் துவைத்துக் காயப்போட்டிருந்த அக்காவின் பழைய நூல் சேலையைக் கிழித்து நனைத்தாள் அம்மா. ஆபீஸுக்குள் நைலான் கட்டிப் போகக்கூடாது, உரசினால் பொறி பறக்கும் என்பதால் எங்கள் வீட்டில் இருந்த நல்ல மெத்தென்ற துணியெல்லாம் அந்த நூல் சேலைகள்தாம். எத்தனையோ முறை அலசிய துணி. அதில் என்ன இருக்கப்போகிறது என்றுதான் நினைத்தாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

வெள்ளிக்கிழமை எல்லாம் நன்றாகவே நடந்தது. அக்கா காபி கொடுத்தாள். மாப்பிள்ளையின் அத்தை அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்து, "கறுப்பா இருந்தாலும் களையான பிள்ளை" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அம்மா தாம்பாளத்தில் குங்குமத்தை வைத்து, அண்ணாச்சியின் ஐஸ் பெட்டியிலிருந்து அப்போதுதான் நான் எடுத்து வந்திருந்த மூட்டையை அவர்கள் முன்னாலேயே பெருமையாக அவிழ்த்தாள். "வீட்டுப் பூவு மயினி. தொடுக்க நேரமில்ல, உதிரியாத்தான் இருக்கு. கொண்டுபோயித் தொடுத்து வச்சுக்கோங்க."

அத்தை ஒரு கை அள்ளி முகர்ந்தாள். முகம் மாறியது. உள்ளங்கையை விரித்து வெளிச்சத்துக்குக் காட்டினாள். மொட்டுகளின் மேல் சாம்பல் பூசினாற்போல் ஒரு மங்கல். அவள் விரலிலும் அது வெள்ளியாக ஒட்டியிருந்தது.

"ஏத்தா, வீட்டுப் பூவுல எதுக்கு மருந்து வாடை அடிக்குது?"

அத்தை விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

"நானும் கல்யாணத்துக்கு முந்தி மருந்துக்குள்ள கெடந்தவதான். கந்தக வாடை எனக்குத் தெரியாதா? பிள்ளை ஆபீஸுக்குப் போகுதுன்னா போகுதுன்னு சொல்லணும்லா. இதுல என்ன ஒளிவுமறைவு?"

அவள் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னாள். "கலந்து பேசிட்டுச் சொல்லி விடுதோம்" என்று எழுந்து போனவர்கள் சொல்லி விடவே இல்லை. வேலைக்காக வேண்டாம் என்றார்களா, பொய்க்காக வேண்டாம் என்றார்களா என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்று இரவு அக்கா அந்த மொட்டுகளை எல்லாம் மடியில் போட்டுத் தொடுத்தாள். சரவெடி பின்னிப் பழகிய விரல்கள். பார்க்காமலே முடிச்சு விழுந்தது. காலையில் அதைத் தலை நிறைய வைத்துக்கொண்டு வேனுக்குக் கிளம்பினாள்.

"ஏளா, அதை எதுக்கு வைக்க? தூரப் போடு" என்றாள் அம்மா.

"எனக்காகப் பறிச்ச பூவுதானம்மா."

அதன் பிறகு அந்தப் பருவத்தில் நாங்கள் பறிக்கவே இல்லை. செடியிலேயே விரிந்து துவைகல்லின் மேல் உதிர்ந்து, மிதிபட்டுப் பழுப்பேறிக் கிடந்தன.

இப்போது அந்த இடத்தில் குளியலறை இருக்கிறது. குழாய்த் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போய்விடுகிறது. செடிகளைத் தோண்டிப்போட்டது யார் என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. அண்ணாச்சி கடையும் இல்லை. அக்காவைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்தோம். மாமாவும் மருந்து வேலைதான். இரண்டு பேரும் ஒரே வேனில் போகிறார்கள். அவள் கூலியில் படித்த நான் விருதுநகரில் ஒரு வேலையில் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது.

போன மாதம் எனக்குப் பெண் பார்ப்பதற்காகத் தரகர் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் அக்காவும் வந்திருந்தாள். தரகர் ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டே போக, அம்மா நடுவில் நிறுத்தி, "அந்தப் பிள்ளை ஆபீஸுக்குக் கீபீஸுக்குப் போகாதுல்ல?" என்று கேட்டாள்.

கேட்ட பிறகுதான் அம்மாவுக்கே தான் கேட்டது காதில் விழுந்திருக்க வேண்டும். அக்காவின் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தாள். அக்காதான் பேசினாள், சிரித்த முகத்தோடு.

"போனா என்ன, போகாட்டி என்னண்ணே? ரெண்டும் சம்மதம்னே சொல்லிருங்க. பெத்தவுக அங்கன பொய் சொல்லாம இருக்கட்டும்."