பானை மணலில் குளிர்ந்த தோட்டாக்கள்

அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. பொறுமைசாலி, தங்கமானவர் என்று பலரும் எழுதுவார்கள். பொறுமையா, அவருக்கா? கூடப் பிறந்த தங்கை சொல்கிறேன், அவரோடு ஒரே வீட்டில் இருக்க எங்களுக்குத்தான் பொறுமை வேண்டியிருந்தது.

படாளத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, படிப்பை நிறுத்தி மதுராந்தகம் நெல் மண்டியில் வேலைக்கு உட்கார்ந்து என்னைப் படிக்க வைத்தார். யாரிடமும் கை நீட்டியதில்லை. அவருக்கென்று இருந்த ஒரே ஆசை துப்பாக்கி. வேட்டைக்கல்ல, ஒரு காக்கையைக்கூடச் சுட்டதில்லை. வெகு தொலைவில் நட்ட அட்டையின் நடுவைத் துளைக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், கடைத் தோட்டாவில் ஒன்றுபோல் ஒன்று இல்லை என்று சொல்லி, உரிய அனுமதி வாங்கித் தாமே செய்ய ஆரம்பித்தார். சுட்டு முடித்த வெற்று உறையைத் துடைத்து, தங்கம் நிறுக்கும் தராசில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டு, மேலே குண்டைப் பொருத்துவார். தராசு ஆடக் கூடாதாம், சித்திரை வெயிலிலும் ஜன்னலைச் சாத்திவிடுவார். "வூடாடா இது, சுண்ணாம்புக் காளவாயா?" என்று அம்மா கத்துவார். விசிறியைத் தொட்டால் எங்களுக்குத் திட்டு விழும்.

கடப்பாக்கம் மணல்மேட்டில் சுட்டுப் பார்ப்பார். காலையில் நடுவில் விழும் குண்டு, வெயில் ஏறியதும் மேலே மேலே போகும். எடையை மாற்றி மாற்றிப் பார்த்தும் பலனில்லை. சோறு இறங்காமல் கிடந்தார். துப்பாக்கிச் சங்கத்தில் அவருக்குப் 'பட்டாசுக்காரர்' என்று பெயர். இதையெல்லாம் பார்த்துப் பொறுக்காத அம்மா சத்தியம் வாங்கிவிட்டார்: மாமல்லபுரம் கடற்கரையில் நடக்கப்போகும் போட்டியில் தோற்றால் துப்பாக்கியை விற்றுவிட வேண்டும். அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

போட்டிக்கு முந்தைய வாரம், ஒரு டப்பாத் தோட்டா மட்டும் உச்சி வெயிலிலும் நடுவிலேயே விழுந்தது. அண்ணன் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அந்த டப்பாவ இன்னா பண்ண?"

அண்ணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "கோச்சிக்காதீங்க. வெயில்ல வெடிச்சிடப் போவுதுன்னு தண்ணிப் பானைக்கு அடியில கீற ஈர மணல்ல பொதச்சி, சட்டியோட அனுப்சேன்."

"அடியே! மருந்து சூடேறினா குண்டு வேகமாப் போவுது! நான் எடைய மாத்திகினு கெடந்தேன், தப்பு வெயில்ல கீது!" என்று அண்ணன் குதித்தார். அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.

போட்டிக்கு மண் சட்டியோடு போனார். "இன்னா அண்ணாத்த, கூழு எடுத்தாந்தியா?" என்று ஒருவர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இலக்கு ஆயிரம் கெஜத்துக்கு அப்பால். மற்றவர்களின் தோட்டாக்கள் சுடுமணலில் காய்ந்துகொண்டிருந்தன. நண்பகலில் அவர்கள் குண்டுகள் ஏறத் தொடங்கின. அண்ணனோ ஈர மணலுக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, சூடேறுமுன் சுட்டார். ஒன்றுகூடக் கறுப்பு வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. நானும் அண்ணியும் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கூழ் கேட்டவரே அண்ணனைத் தோளில் தூக்கினார். அம்மாடி, என்ன ஒரு நாள் அது!

வெள்ளிக் கோப்பையை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மோர் மொள்ள ஆவும்," என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "துப்பாக்கிய உள்ள எடுத்து வைடா," என்றார்.

பார்வை மங்கும்வரை அண்ணன் சுட்டார். கடைசிக் காய்ச்சலில் அண்ணி ஈரத்துணி போட்டபோதும், "என்னையும் பான மணல்ல பொதச்சிட்டியா?" என்று சிரித்தார்.

இரவு பகல் பார்த்த மருத்துவருக்கும், செவிலியருக்கும், அவரைச் சுமந்து சென்ற சங்க நண்பர்களுக்கும், தெருவாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணியை நான் கட்டிக்கொண்டுதான் நன்றி சொல்ல வேண்டும். இன்று பந்தியில் உங்களுக்கு நீர்மோர் மொண்டு ஊற்றுவது அந்தக் கோப்பைதான். இன்னொரு வாய் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.