சூடு காட்டிய கத்தி

தார் தானாக ஒட்டவில்லை. நான்தான் ஒட்டினேன்! ஒட்டிவிட்டு மறைத்தேன்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகத்துக்குச் சாலை போட்ட நாட்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான், தாரைச் சோதிக்கும் கூடத்தில் தற்காலிக உதவியாள். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவன். வேலை போய்விடுமோ என்ற பயம் என்னோடு எழும், என்னோடு உட்கார்ந்து சாப்பிடும்.

விரிசல் விட்ட தார், வண்டி ஏறாமல் சும்மா கிடந்தால் தானே கூடிக்கொள்ளுமா? எஞ்சினியர் அதை அறிய விரும்பினார். பித்தளை அச்சில் வார்த்த தார்க்கட்டியை நான் இரண்டாக வெட்டி, வெட்டு முகங்களைச் சேர்த்து வைத்து, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விட வேண்டும். மறுநாள் அவர் அதைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து இழுப்பார். கூடியிருந்தால் கறுப்பு நூலாக நீளும். இல்லையென்றால் வெட்டிய இடத்திலேயே விட்டுப்போகும்.

விட்டுப்போனது.

“என்னடே, தூசி கீசி விழ விட்டுட்டியா? நாளைக்கும் இப்படி வந்தா வேற ஆளத்தான் பாக்கணும்” என்றார்.

பாதி விளையாட்டாகச் சொல்லியிருப்பார்... எனக்கு அது விளையாட்டாகவா கேட்கும்?

அடுத்த கட்டியை வெட்டிச் சேர்த்தேன். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஸ்பிரிட் விளக்கில் கத்தியைச் சூடு காட்டி, வெட்டின்மேல் தடவினேன். ஒரே முறை!

மறுநாள் தார் நூலாக நீண்டது. “பாத்தியாடே, தன்னால கூடிருச்சு!” என்று என் முதுகில் தட்டினார். பிறகு வந்த கட்டிகளுக்கும் அதையே செய்தேன். செய்யாமல் விட்டால் அவை விட்டுப்போய், முதல் கட்டியில் செய்ததைக் காட்டிக்கொடுத்துவிடுமே...

உப்பளத்தை ஒட்டி விரிசல் விட்டிருந்த சாலையைப் பெயர்த்துப் போட வேண்டாம், சில நாள் வண்டியை நிறுத்தினால் போதும் என்று அவர் எழுதினார். நான் பக்கத்தில் நின்று விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி மழை விரிசல் வழியே இறங்கிச் சாலையோரம் உள்வாங்கியது. உப்பு லாரி சரிந்தது. மூட்டைமேல் உட்கார்ந்து வந்த அந்தோணி, என் தெருக்காரன், அடியில் மாட்டிக்கொண்டான். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லத்தான் போனேன்... நம்புவீர்களா?

“ஏலே, ஒங்க ரூம்ல வெட்டுனது தன்னால ஒட்டுதாம்லா! என் காலையும் ஒரு நாள் வச்சிப் பாரேம்ல!” என்று அந்தோணி சிரித்தான். பக்கத்துக் கட்டில்காரரும் சிரித்தார். நானும் சிரித்தேன்!

அவன் மனைவி ரோசம்மா அதட்டினாள். “சும்மா கெடங்க. தெனமும் வந்து பாக்குத ஒரே ஆளு இந்த அண்ணாச்சிதான்.”

அப்போதாவது வாய் திறந்தேனா?

எஞ்சினியரைத் தூர ஊருக்கு மாற்றினார்கள். “எங்க தப்பாப் போச்சுன்னு தெரியலையேடே...” என்று என்னிடமே கேட்டுவிட்டுப் போனார். எனக்கு வேலை நிரந்தரமாயிற்று.

நல்ல மீன் கிடைக்கும் நாளில் ரோசம்மா இன்றும் எனக்கென்று இரண்டு துண்டு கொடுத்தனுப்புகிறாள். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்... வாங்கிக்கொள்கிறேன். குழம்பு வைத்துச் சாப்பிடவும் செய்கிறேன்.